கேரவனுக்குள் வைஃபை நிற்பதே இல்லை: பூஸ்டரா, கூரை ஆன்டெனாவா, சிம் ரூட்டரா?

சக்கரவீடு:

வணக்கம் நண்பர்களே. எங்களுடையது காரில் இழுத்துப் போகும் கேரவன், வெளிப்புறம் அலுமினியத் தகடு. வண்டியை நிறுத்தித் தங்கப் போகிற கேம்ப் எல்லாவற்றிலும் வைஃபை உண்டு என்று பலகை இருக்கும். ஆபீஸ் வாசலில் நின்றால் நன்றாகவே வரும். நமக்குக் கொடுத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் ஒரே ஒரு கோடு. சில சமயம் அதுவும் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. சில கேம்ப்களில் நாலு கோடும் நிறைந்து நிற்கும், ஆனால் ஒரு மெயில் திறக்கவே நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். சிக்னல் இருந்தும் இது ஏன் என்று புரியவில்லை.

நான் வண்டியில் இருந்தபடியே வேலை பார்ப்பவள். வீடியோ கால் தவிர்க்க முடியாது. பிளக்கில் செருகும் பூஸ்டர், கூரை ஆன்டெனா, சிம் போட்ட ரூட்டர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் கை வைப்பது?

மலைப்பாதை:

கேம்ப் வைஃபையை மறந்துவிடுங்கள் அக்கா. ஒரு 4ஜி ரூட்டர், கூரையில் அதற்கு ஒரு ஆன்டெனா. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். டவர் இருக்கும் இடமெல்லாம் நெட் உண்டு, யாரிடமும் பாஸ்வேர்டு கேட்க வேண்டியதில்லை.

தென்றல்:

பூஸ்டரை மட்டும் வாங்காதீர்கள். வீட்டுக்காகச் செய்த பொருள் அது. வண்டிக்கு உள்ளே இருக்கும் பிளக்கில் செருகினால், உள்ளே வந்து சேர்கிற அந்த அரைகுறை சிக்னலைத்தான் அதுவும் வாங்கும். வாங்கியதைத்தான் திருப்பிக் கொடுக்கும். போனில் நாலு கோடு தெரியும், நெட் மட்டும் பழையபடியே இருக்கும். அதோடு வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோவில் நடந்தால் வேகம் பாதியாகக் குறையும்.

அலைவரிசை:

சக்கரவீடு, எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உங்கள் போனிலிருந்து இணையம் வரை இரண்டு துண்டுகள் இருக்கின்றன. வண்டியிலிருந்து கேம்ப்காரர் கம்பத்தில் மாட்டியிருக்கும் ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை தரும் பெட்டி, வரை ஒன்று, அங்கிருந்து வெளி உலகுக்குப் போகும் லைன் இன்னொன்று. கோடுகள் காட்டுவது முதல் துண்டை மட்டும்தான். இரண்டாவதைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. குழாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் தொட்டிக்கு வரும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் குழாய் என்ன செய்யும்? நாலு கோடு இருந்தும் மெயில் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு சாதாரண பிராட்பேண்ட் லைனை கேம்ப் முழுவதும் பங்கு போட்டுக்கொள்கிறது. எல்லோரும் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும் சாயங்காலத்தில் வீடியோ பார்க்க உட்கார்ந்தால் அவ்வளவுதான்.

சோதனை இப்படி. வைஃபையில் சேர்ந்தபின் போனின் நெட்வொர்க் விவரத்தில் கேட்வே அல்லது ரூட்டர் முகவரி என்று ஒன்று இருக்கும், 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னத் தகவல் பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் என்று அளக்கும் கட்டளை. லேப்டாப்பிலிருந்து அதில் முதலில் அந்த முகவரியைக் கொடுங்கள். அடுத்து வெளி இணையத்தில் இருக்கும் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுங்கள். இரண்டையும் ஒரு நிமிஷமாவது ஓட விடுங்கள்.

கேட்வே வரையிலேயே பதில் தாறுமாறாக வந்தாலோ பாதி பாக்கெட் தொலைந்தாலோ குறை உங்கள் வண்டிக்கும் கம்பத்துக்கும் நடுவில். அதை ஆன்டெனா சரி செய்யும். கேட்வே சில மில்லிசெகண்டில் ஒழுங்காகப் பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் திணறினால் லைன்தான் நெரிகிறது. அதற்கு உலகத்திலேயே பெரிய ஆன்டெனாவை வைத்தாலும் பயன் இல்லை. அங்கே மலைப்பாதை சொல்கிற சிம்தான் வழி.

சில கேம்ப்களில் கேட்வே பிங்குக்குப் பதிலே சொல்லாதபடி அடைத்திருப்பார்கள். அப்படியானால் ஆக்சஸ் பாயின்டுக்குக் கீழேயே போய் நின்று வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயும் மெதுவாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

சக்கரவீடு:

மிக்க நன்றி. இப்போது இருக்கும் கேம்பில் செய்து பார்த்தேன். வண்டிக்குள் இருந்து கேட்வேக்குப் பிங் சில சமயம் 5 மில்லிசெகண்ட், சில சமயம் 800, நடுநடுவே பதிலே இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கம்பத்தடிக்குப் போனால் 3, 4 என்று அசையாமல் நிற்கிறது. வெளி முகவரியும் காலையில் 20க்குள். ராத்திரி எட்டு மணிக்குக் கம்பத்தடியிலேயே வெளி முகவரி 300ஐத் தாண்டுகிறது. அப்படியென்றால் பகலில் ஒரு வியாதி, ராத்திரி இன்னொரு வியாதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

அலைவரிசை:

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பகல் வேலைக்கு முதல் துண்டைச் சரி செய்தால் போதும். அதைப் பார்ப்போம்.

முதலில் கோடுகளை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். சிக்னலை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள், கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -50 என்றால் கம்பத்தடியில் நிற்கிறீர்கள். -67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும். -75இல் மெயில், செய்தி ஓடும். -80க்குக் கீழே போனால் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஏதாவது ஒன்று காட்டும். மேக் லேப்டாப்பில் ஆப்ஷன் பொத்தானை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைத் தட்டினால் சிக்னலும் இரைச்சலும் எண்ணாகவே தெரியும். ஐபோனில் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்பை நிறுவி, செட்டிங்ஸில் அதன் ஸ்கேனரை இயக்க வேண்டும்.

இந்த எண்ணில் ஒன்று கூடினால் அது ஒரு டெசிபெல். 3 டெசிபெல் கூடினால் சக்தி இரட்டிப்பு. 6 டெசிபெல் கூடினால் தடையில்லாத வெளியில் எட்டும் தூரம் இரட்டிப்பு. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் விளம்பரத்தில் ஏமாற மாட்டீர்கள்.

உங்கள் வண்டியின் சுவர் அலுமினியம். உலோகத் தகடு ரேடியோ அலையை ஊடே விடாது, நேரே திருப்பி அடித்துவிடும். அக்ரிலிக் சன்னலும் கூரையில் இருக்கும் பிளாஸ்டிக் திறப்பும்தான் உள்ளே வர வாசல். ஃபைபர் கிளாஸ் உடம்பு உள்ள வண்டிகளில் நிலைமை கொஞ்சம் மேல், ஆனால் அங்கேயும் காப்புப் பலகையில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால் அதே கதை. அதனால் செலவே இல்லாத வேலையை முதலில் செய்யுங்கள்: வண்டியை நிறுத்தும்போதே பெரிய சன்னல் ஆக்சஸ் பாயின்டைப் பார்த்து இருக்கட்டும். வெயிலுக்குப் போடும் வெள்ளித் திரையை அந்தப் பக்கம் இறக்கி வைக்காதீர்கள், அதுவும் உலோகப் பூச்சுதான். பதிவு செய்யும்போதே ஆக்சஸ் பாயின்ட் எங்கே என்று கேட்டு, அதைப் பார்க்கும் இடமாக வாங்குங்கள். நடுவில் ஒரு பெரிய மோட்டார் ஹோம் வந்து நின்றால் சிக்னல் பாதாளத்துக்குப் போகும். ஈரமான இலை அடர்ந்த மரமும் அலையை உறிஞ்சும். மழை பெய்த மறுநாள் கேம்ப் வைஃபை மோசமாவதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

இன்னொன்று, வைஃபை ஓடும் பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுற்றிலும் உள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விடும். ஓர் இடத்தில் செத்துக்கிடக்கும் சிக்னல் ஆறு சென்டிமீட்டர் தள்ளி உயிரோடு இருக்கலாம். மேசையில் லேப்டாப்பை ஒரு கை அகலம் நகர்த்தி எண்ணைப் பாருங்கள்.

ஊர்சுற்றி:

அலைவரிசை சார், இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது என்று என் மகன் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறான். என் வண்டியில் அது வரவே மாட்டேன் என்கிறது.

அலைவரிசை:

ஐயா, பக்கத்தில் இருந்தால் 5 வேகம், சந்தேகமில்லை. ஆனால் அதே தூரத்தில், அதே மாதிரி ஆன்டெனா வைத்தால் 2.4ஐ விட ஆறு ஏழு டெசிபெல் குறைந்துதான் வந்து சேரும். மரம், சுவர் இவற்றிலும் அதிகம் தேயும். தூரத்தில் நிற்கும் வண்டிக்கு 2.4தான். அதன் குறை நெரிசல். பட்டைக்குள் பிரித்திருக்கும் பாதைகளைச் சேனல் என்பார்கள், ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்று மூன்றுதான். ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் இருக்கின்றன. மைக்ரோவேவ் ஓடும்போது வீடியோ கால் விட்டுவிட்டு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

தென்றல்:

சேனல் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் 12, 13ஆம் சேனல்களும் அனுமதி. அமெரிக்கச் சந்தைக்காக அமைத்த சாதனங்கள் அவற்றைப் பெரும்பாலும் பார்க்காது. கேம்ப் 13இல் ஓடினால் உங்கள் போனில் பெயர் தெரியும், லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி வைஃபை அடாப்டரில் பெயரே வராது. சாதனம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம். சாதனம் இடம் கொடுத்தால், அமைப்பில் நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சக்கரவீடு:

வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தேன். உள்ளே -84 இருந்தது, சன்னலோரம் -78 வருகிறது. பரவாயில்லை, ஆனால் வீடியோ காலுக்குப் போதவில்லை. லேப்டாப்பை வெளியே மேசையில் வைத்தால் -71. இனி ஆன்டெனாதானா? "ஹை பவர்" என்று ஒரு யுஎஸ்பி அடாப்டர் பார்த்தேன், நீளமான ஆன்டெனாவோடு.

அலைவரிசை:

வெளியே வைத்ததும் 7 டெசிபெல் கூடியது பாருங்கள், அதுதான் உங்கள் வண்டிச் சுவரின் விலை. அதனால் எது வாங்கினாலும் வாங்கும் பொருள் சுவருக்கு வெளியே, உயரத்தில் இருக்க வேண்டும். பலமான பொருளை உள்ளே வைப்பதைவிடச் சாதாரணப் பொருளை வெளியே வைப்பது மேல்.

"ஹை பவர்" பற்றி ஒரு வார்த்தை. வைஃபை இரு வழிப் பேச்சு. கம்பத்தில் இருப்பது பேசுவதை நீங்கள் கேட்டால் மட்டும் போதாது, நீங்கள் பேசுவதும் அதற்குக் கேட்க வேண்டும். போனும் லேப்டாப்பும் மெதுவாகப் பேசுபவை, அதனால் கோடு இரண்டு இருந்தும் ஒன்றும் நகராமல் நிற்கும். சரி, சக்தியைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் எல்லா நாட்டிலும் அதற்கு உச்சவரம்பு உண்டு. ஐரோப்பிய நாடுகளில் 2.4இல் ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 100 மில்லிவாட்தான். அதை மீறுவது சட்டப்படி தப்பு. போதாததற்கு, உங்கள் கத்தலால் பக்கத்து வண்டிக்காரருக்கு வரும் சிக்னல் கெடும். நல்ல ஆன்டெனா அப்படி இல்லை. அனுப்புவதற்கு எவ்வளவு உதவுமோ கேட்பதற்கும் அவ்வளவு உதவும்.

இப்போது கேபிள். கூரையில் ஆன்டெனா, உள்ளே ரூட்டர், நடுவில் டிவி கேபிள் மாதிரி மெல்லிய கோஆக்சியல் கேபிள் என்று விற்கும் செட்டுகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆர்ஜி58 வகைக் கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் தின்றுவிடும். ஐந்து மீட்டர் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு சக்தி கேபிளிலேயே போய்விடும். எல்எம்ஆர்400 வகையில் மீட்டருக்குக் கால் டெசிபெலுக்கும் குறைவுதான், ஆனால் விரல் தடிமன், வளையாது, கேரவனுக்குள் இழுப்பது கஷ்டம். என் கருத்தில் சரியான வழி, ரேடியோவையே ஆன்டெனாவோடு வெளியே வைப்பது. வெளிப்புறத்துக்கென்றே ரேடியோவும் ஆன்டெனாவும் ஒரே பெட்டியில் வரும் சாதனங்கள் இருக்கின்றன, கிளையன்ட் மோடில் போட்டால் ஒரு போனைப் போலக் கேம்ப் வைஃபையைப் பிடித்து ஈதர்நெட் கேபிளில் கீழே அனுப்பும். ஈதர்நெட்டில் 100 மீட்டர் வரை இழப்புக் கவலை இல்லை. அதே கேபிளில் மின்சாரமும் மேலே போகும். உள்ளே ஒரு சின்ன டிராவல் ரூட்டர், அதிலிருந்து உங்கள் சாதனங்களுக்கெல்லாம் சொந்த வைஃபை.

யுஎஸ்பி அடாப்டரை வெளியே நீட்டுவதும் இதே தத்துவம்தான். ஆனால் சாதாரண யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்பிக்கை இல்லை, மழைக்கும் அதற்கும் ஆகாது. ஒரு லேப்டாப் மட்டும், எப்போதாவது என்றால் அது போதும்.

தென்றல்:

எந்த வடிவ ஆன்டெனா என்பதையும் சொல்லிவிடுங்கள். நீளக் குச்சி மாதிரி சுற்றெங்கும் பிடிப்பதா, பலகை மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதா? என்னிடம் குச்சிதான் இருக்கிறது. நிறுத்தினோமா, வேலை முடிந்தது. திருப்பிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அலைவரிசை:

அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்குக் குச்சி வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். குச்சியின் பலம் கூடக் கூட அதன் பார்வை மேலும் கீழும் நசுங்கித் தட்டையாகிவிடும். ஆன்டெனாவின் பலத்தை டிபிஐ என்ற அளவில் சொல்வார்கள். 9 டிபிஐ என்று போட்டதை வாங்கி, வண்டி ஒரு பக்கம் சரிந்து நின்றாலோ ஆக்சஸ் பாயின்ட் பக்கத்திலேயே உயரமான கம்பத்தில் இருந்தாலோ பலத்த குச்சி பலவீனமான குச்சியிடம் தோற்கும். 5, 6 டிபிஐ கேரவனுக்கு நடுத்தரமான நல்ல தேர்வு.

சக்கரவீடு ஓரிடத்தில் தங்கி வேலை பார்ப்பவர் என்றால் நான் பலகையைத்தான் சொல்வேன். அதில் கூடும் டெசிபெலைவிடப் பெரிய லாபம், பின்னால் இருக்கும் வண்டிகளின் இரைச்சல் அதன் காதில் விழாது. நெரிசலான கேம்பில் சிக்னல் பலத்தைவிட இந்த அமைதிதான் வேகம் தரும். திசை பார்ப்பது ஒரு வேலையே இல்லை: எண்ணைப் பார்த்தபடி மெதுவாக ஒரு சுற்று திருப்பி, உச்சத்தில் நிறுத்தி இறுக்க வேண்டியதுதான். நேரே கம்பத்தைப் பார்ப்பதைவிட ஒரு சுவரில் பட்டு வருவது சில இடங்களில் பலமாக இருக்கும், அதனால் கண்ணை நம்பாமல் எண்ணை நம்புங்கள்.

கம்பியாள்:

மின்சார விஷயம் யாரும் பேசவில்லையே. 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் ரூட்டரை நேரே கேரவன் பேட்டரியில் கொடுத்துவிடாதீர்கள். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரை போகும், தீரும் நேரத்தில் 11க்கு இறங்கும். சில ரூட்டர்கள் அந்த உச்சத்தில் எரியும், சில அந்தப் பள்ளத்தில் தானாக அணைந்து அணைந்து எழும். நெட் விட்டுவிட்டு வருவதற்குப் பலர் சிக்னலைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், காரணம் வோல்டேஜாக இருக்கும். 9 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கும் சாதனத்தை வாங்குங்கள், இல்லாவிட்டால் நடுவில் வோல்டேஜை நிலையாக வைக்கும் ஒரு டிசி டிசி கன்வர்ட்டர் வையுங்கள். 5 வோல்ட் யுஎஸ்பியில் ஓடும் டிராவல் ரூட்டருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இன்வெர்ட்டர் போட்டு 230க்கு ஏற்றி, திரும்ப அடாப்டரில் இறக்குவது வீண் செலவு.

வெளியே வைக்கும் ரேடியோவுக்குக் கேபிள் வழியாகப் போகும் மின்சாரம் சிலவற்றுக்கு 24 வோல்ட், சிலவற்றுக்கு 48. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே கொடுங்கள். அந்த மின்சாரத்தைக் கேபிளில் ஏற்றும் சின்னப் பெட்டிதான் இன்ஜெக்டர், அதில் இரண்டு துளை இருக்கும். மின்சாரம் வரும் துளையில் தவறியும் லேப்டாப்பைச் செருகக் கூடாது. இரண்டுக்கும் இரண்டு நிற டேப் ஒட்டிவிடுங்கள்.

கூரையில் துளை போடுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன். கேரவனுக்கு எமன் தண்ணீர்க் கசிவு. புது வண்டி என்றால் கசிவு உத்தரவாதமே ரத்தாகலாம், முதலில் அந்தத் தாளைப் படியுங்கள். காந்தத்தில் ஒட்டும் ஆன்டெனா அலுமினியத்திலும் ஃபைபர் கிளாஸிலும் ஒட்டவே ஒட்டாது. வண்டியின் முன் சட்டத்தில் பிடிக்கும் கிளாம்பும் ஒரு மடக்குக் கம்பமும் போதும். கேபிளை ஏற்கெனவே இருக்கும் டிவி கேபிள் வழியிலோ, வெளிப்பெட்டித் திறப்பின் ரப்பர் ஓரத்திலோ உள்ளே விடலாம். தட்டையான சன்னல் கேபிள் என்று ஒன்று விற்கிறார்கள். கோஆக்சியலில் அந்த வகை சிக்னலைத் தின்னும், ஈதர்நெட்டில் ஆனால் தாராளமாகப் போடலாம்.

மலைப்பாதை:

இவ்வளவு பாடுபட்டு ராத்திரி நெரியும் லைனைத்தானே பிடிக்கிறீர்கள்? இதே உழைப்பை 4ஜியில் போட்டால் எங்கே போனாலும் நம் கையில் இருக்குமே.

அலைவரிசை:

டவர் எல்லாக் கேம்பிலும் இல்லையே தம்பி. பள்ளத்தாக்கில், காட்டோரத்தில் கேம்ப் லைன் மட்டும்தான் இருக்கும். நீங்கள் சொல்வது ராத்திரி வியாதிக்கு மருந்து, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டவரும் பங்கு போடும் பொருள்தான், விடுமுறைக் கூட்டத்தில் அதுவும் நெரியும். என் வாக்கு இரண்டுக்கும். டிராவல் ரூட்டர்களில் பல, கேம்ப் வைஃபை ஒரு வழி, சிம் ஒரு வழி என்று வைத்துக்கொண்டு ஒன்று விழுந்தால் மற்றதுக்குத் தானாக மாறும்.

மலைப்பாதை:

சரி, சமாதானம். அப்படியானால் 4ஜி பக்கம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் கோட்டைப் பார்க்காதீர்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது பலம்: -80 மிக நன்று, -100 சுமார், -110க்குக் கீழே தள்ளாட்டம். இரண்டாவது சுத்தம்: 20க்கு மேல் இருந்தால் பிரமாதம், பூஜ்யத்தை நெருங்கினால் கஷ்டம். ஆன்டெனாவைத் திருப்பும்போது நான் சுத்தத்தைத்தான் பார்ப்பேன். பலம் கொஞ்சம் குறைந்தாலும் சுத்தம் கூடினால் வேகம் கூடுகிறது.

4ஜி ஆன்டெனாவுக்கு இரண்டு கேபிள் வரும், இரண்டையும் மாட்ட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஓடை அனுப்பும் முறை அது. ஒன்றை மட்டும் மாட்டினால் அந்த லாபம் போய்விடும். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் தூரம் எட்டும், 1800, 2600 பட்டைகள் எட்டினால் வேகம் தரும். ரூட்டர் தானாகப் பலமான பட்டையில் போய் உட்காரும், எல்லோருடைய போனும் அங்கேதான் இருக்கும். கையால் வேறு பட்டைக்குப் பூட்டினால் சாயங்காலத்தில் காலியான பாதை கிடைக்கலாம்.

வண்டியிலேயே இருக்கும் டிவி ஆன்டெனாவை இதற்குப் பயன்படுத்தலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. அதன் பூஸ்டர் டிவி பட்டைக்கானது, பேச்சு ஒரு வழிதான், கேபிளும் 75 ஓம். நமக்கு வேண்டியது 50.

ஊர்சுற்றி:

ஆளில்லாத இடங்களில் நிறுத்துகிறவர்களுக்காக ஒன்று. ஸ்டார்லிங்க் மாதிரி தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் இணையம் இப்போது கேரவன் கூரைகளில் நிறையத் தென்படுகிறது. சுமார் 550 கிலோமீட்டர் உயரம்தான் என்பதால் வீடியோ கால் நன்றாக ஓடுகிறது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய வகையில் ஒரு கேள்விக்குப் பதில் வரவே அரை செகண்டுக்கு மேல் ஆகும். ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். வெயிலுக்கு ஒதுங்கி மரத்தடியில் நிறுத்தினால் விட்டுவிட்டு அறுந்துபோகும். ஸ்டார்லிங்கின் சிறிய மினி வகையே சராசரி 25 முதல் 40 வாட் எடுக்கும். கம்பியாளிடம் கேட்டுவிட்டுத்தான் பேட்டரி கணக்குப் போட வேண்டும்.

சக்கரவீடு:

வெளிப்புற ரேடியோவும் டிராவல் ரூட்டரும் வாங்கிவிட்டேன். பலகை வகைதான். முன் சட்டத்தில் கம்பம் நிறுத்தி மாட்டினோம். சிக்னல் -63! ஆனால் நெட் வரவில்லை. போனில் நேரடியாகச் சேர்ந்தால் கேம்பின் லாகின் பக்கம் வருகிறது, ரூட்டர் வழியாகப் போனால் அந்தப் பக்கமே திறக்க மாட்டேன் என்கிறது.

தென்றல்:

இது வழக்கமான முட்டுக்கட்டை, பயப்படாதீர்கள். விபிஎன், அதாவது நம் போக்குவரத்தை மறையாக்கி அனுப்பும் செயலி, ஓடினால் முதலில் நிறுத்துங்கள். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. போனில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும், அதையும் ரூட்டரில் நீங்களாகப் போட்ட டிஎன்எஸ் முகவரியையும் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். பல கேம்ப்களில் லாகின் பக்கம் வருவதே கேம்பின் டிஎன்எஸ் நம்மை வழிமறித்துத்தான். https என்று இல்லாமல் http என்று தொடங்கும் பழைய பக்கம் ஒன்றைத் திறந்தால் வந்துவிடும், அல்லது கேட்வே முகவரியையே பிரவுசரில் அடித்துப் பாருங்கள்.

இன்னும் வராவிட்டால் முகவரி மோதல் இருக்கலாம். கேம்பும் 192.168.1 என்று தொடங்கி உங்கள் ரூட்டரும் அதையே வைத்திருந்தால் ரூட்டருக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்றே தெரியாது. உங்களுடையதை 192.168.77.1 என்று மாற்றிவிடுங்கள். ஒரு தடவை மாற்றினால் போதும், எல்லாக் கேம்புக்கும் ஆகும்.

ஒருவர் லாகின் செய்தால் ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் எல்லாச் சாதனங்களும் உள்ளே போகும், கேம்புக்குத் தெரிவது ஒரு சாதனம் மட்டும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இலிருந்தும் 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று மேக் முகவரியை, அதாவது சாதனத்தின் அடையாள எண்ணை, காட்டுகின்றன. அதனால் சில கேம்ப்களில் ஒரே போன் இரண்டாகக் கணக்கில் ஏறி, ஒருவருக்கு இத்தனை சாதனம் என்ற ஒதுக்கீடு தீர்ந்துவிடும். ரூட்டரைப் போட்டபின் அந்தத் தகராறும் இல்லை.

சக்கரவீடு:

முகவரி மோதல்தான்! மாற்றியதும் லாகின் பக்கம் வந்தது. கேட்வே பிங் 4, 5இல் நிற்கிறது. இன்று மதியம் வீடியோ கால் முழுவதும் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. ராத்திரிக்குச் சிம் தனியாக வைத்திருக்கிறேன், மலைப்பாதைக்கு நன்றி. ஒரு கேள்வி மட்டும்: நான் இப்படி ஆன்டெனா போட்டு இழுப்பதால் மற்ற வண்டிக்காரர்களுக்குக் குறையுமா? பக்கத்து வண்டியில் இருப்பவர் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அலைவரிசை:

நல்ல கேள்வி. முதல் துண்டில் அவருக்கு நன்மைதான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சிக்னல் மோசமான சாதனம் ஒவ்வொரு எழுத்தையும் மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதே டேட்டாவை 1 மெகாபிட்டில் அனுப்ப 54 மெகாபிட்டில் அனுப்புவதைப் போல ஏட்டளவில் 54 மடங்கு நேரம் ஆகும். நீங்கள் -84இல் முக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு இடைஞ்சல். இப்போது சட்டென்று பேசி முடித்து இடத்தை விட்டுவிடுகிறீர்கள்.

இரண்டாவது துண்டு வேறு. அந்த லைனில் நீங்கள் கூட எடுத்தால் அவருக்குக் குறையத்தான் செய்யும். வேலைக்கு வேண்டியதை எடுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் லேப்டாப்பில் அந்த வைஃபையை மீட்டர்டு இணைப்பு (அளவோடு பயன்படுத்த வேண்டியது) என்று குறித்து, போட்டோ பேக்கப்பையும் அப்டேட்டையும் நிறுத்தி வையுங்கள். நாம் கேட்காமலே லைனை அடைப்பவை அவைதான். படம் பார்க்க வேண்டியதை விடிகாலையில் இறக்கி வைத்துக்கொண்டால் ராத்திரி லைன் கேம்புக்கு மிஞ்சும். பாஸ்வேர்டே இல்லாத திறந்த வைஃபையில் காற்றில் போவது வைஃபையின் மறையாக்கம் இல்லாமல் போகும் என்பதால், லாகின் முடிந்ததும் விபிஎன்னைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அதுவும் உங்களுடையது அலுவலக வேலை.

கம்பியாள்:

சக்கரவீடு, கம்பம் போட்டாயிற்று, அதனால் இது. கேபிள் உள்ளே நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றிக் கொண்டுபோங்கள், மழைத்தண்ணீர் தொங்கலில் சொட்டிவிடும், வண்டிக்குள் வராது. வெளியே இருக்கும் ஈதர்நெட் முனைக்கு ரப்பர் மூடி போட்டிருக்கிறீர்களா? வெயிலுக்கும் தாங்கும் வெளிப்புறக் கேபிள்தானா? இடி மின்னல் வந்தால் கேபிளைக் கழற்றிக் கம்பத்தை இறக்கிவிடுங்கள், காற்று பலமானாலும் அப்படியே. வண்டி கிளம்பும் முன் பார்க்கும் பட்டியலில் கம்பத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

சக்கரவீடு:

ரப்பர் மூடி இருக்கிறது. கேபிள்தான் வீட்டுக்குள் போடும் வகை அண்ணா, நாளை மாற்றிவிடுகிறேன். தொங்கல் இப்போதே விட்டாயிற்று.